எலுமிச்சைச் சாறும் பேட்டரி ஆசிடும் ஒரே இனமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எலுமிச்சையில் இருப்பதும் அமிலம், பேட்டரியில் இருப்பதும் அமிலம் என்றால், ஒன்றைச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறோம், இன்னொன்று மட்டும் ஏன் சட்டையை ஓட்டை போடுகிறது என்று கேட்கிறாள். பி.எச். 7 நடுநிலை என்கிறார்கள், அது ஏன் 7? தண்ணீரைக் காரத்தன்மை உள்ளதாக்கித் தரும் ஆல்கலைன் வாட்டர் மெஷின் வாங்கலாமா என்று வீட்டில் ஒரு பேச்சும் ஓடுகிறது. அப்புறம், ஆசிட் மேலே பட்டால் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடுமா?

பதில்:

பாடப்புத்தகத்தில் "வலிமை மிகு அமிலம்" என்று ஒன்று வரும், "அடர் அமிலம்" என்று இன்னொன்று வரும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே "ஆபத்தான அமிலம்" என்ற மூன்றாவதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு. உங்கள் மகளின் கேள்விக்கு விடை இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால், அமிலம் என்றால் என்ன? புளிக்கும், நீல லிட்மஸைச் சிவப்பாக்கும் என்பதெல்லாம் வெளி அடையாளங்கள். உள்ளே நடப்பது புரோட்டான் கைமாறுவது. ஹைட்ரஜன் அணுவில் இருப்பது ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். எலக்ட்ரானை இழந்துவிட்டால் மிச்சம் வெறும் புரோட்டான்தான். அதைத்தான் ஹைட்ரஜன் அயனி என்கிறோம். இந்தப் புரோட்டானை இன்னொரு மூலக்கூறிடம் கொடுப்பது அமிலம். வாங்கிக்கொள்வது காரம்.

இந்த ஒரு வரிக்கு வந்துசேர வேதியியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. பிரெஞ்சுக்காரர் லவாய்சியர், ஆக்சிஜன்தான் அமிலத்தன்மைக்குக் காரணம் என்று உறுதியாக நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று 1810 வாக்கில் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டிய பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1884-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் அர்ரீனியஸ் என்ற இளைஞர் தன் ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்பும் அமிலமும் தண்ணீரில் கரையும்போது மின்னூட்டம் உள்ள துண்டுகளாகப் பிரிகின்றன என்பது அவர் வாதம். பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, மிகக் குறைந்த தரத்தில்தான் தேற விட்டார்கள். அதே வேலைக்காக 1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, மின்னூட்டம் உள்ள துண்டை) தருவது காரம் என்று இன்றும் பள்ளியில் படிப்பது அர்ரீனியஸ் சொன்னதுதான்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மோனியா மூலக்கூறில் ஹைட்ராக்சைடே கிடையாது, ஆனாலும் அது காரம். கல்லூரி ஆய்வகத்தில் அம்மோனியா பாட்டிலைத் திறந்து, பக்கத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலையும் திறந்தால், இரண்டின் வாய்க்கும் நடுவே காற்றில் வெண்புகை எழும். அந்தப் புகை அம்மோனியம் குளோரைடு துகள்கள், அதாவது நவச்சாரம். அந்த வினை நடக்கக் கரைசல் எதுவும் தேவைப்படவில்லை. வாயு நிலையிலேயே ஒன்று புரோட்டானைக் கொடுத்தது, மற்றது வாங்கிக்கொண்டது. 1923-இல் கோபன்ஹேகனில் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தில் லௌரியும் ஒருவரை ஒருவர் கலக்காமலேயே இந்தக் கொடுக்கல் வாங்கல் வரையறையைச் சொன்னார்கள். அதே ஆண்டு லூயிஸ் என்ற அமெரிக்கர் எலக்ட்ரான் இணையை வைத்து இன்னும் அகலமான வரையறை ஒன்றைக் கொடுத்தார். அது பிளஸ் டூவுக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வேண்டாம்.

சரி, எலுமிச்சைக்கு வருவோம்.

வலிமை என்பது ஓர் அமிலம் தன் புரோட்டானை எவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்கிறது என்பது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் விழுந்ததும் ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் புரோட்டானைக் கொடுத்துவிடும், திரும்பக் கேட்காது. அசிட்டிக் அமிலம் அப்படியல்ல. கைமாற்றுக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டுவதற்குள் "அதைத் திருப்பிக் கொடு" என்று வந்து நிற்கும் ஆள் மாதிரி. கடையில் வாங்கும் வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. எந்த நொடியில் எண்ணிப் பார்த்தாலும் அதில் இருநூறு மூலக்கூறுக்கு ஒன்றுதான் புரோட்டானை விட்டிருக்கும். மற்றவை முழுசாகவே மிதக்கும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் இதைவிடக் கொஞ்சம் தாராளம், ஆனாலும் வலிமை குறைந்த வகைதான். தயிரின் லாக்டிக் அமிலமும் புளியின் டார்டாரிக் அமிலமும் அதே வகை.

செறிவு, அதாவது "அடர் அமிலம்" என்பதில் வரும் அந்த அடர்வு, வேறு கணக்கு: ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் கரைந்திருக்கிறது என்பது. கந்தக அமிலத்தை ஒரு சொட்டு எடுத்து ஒரு தொட்டித் தண்ணீரில் விட்டால், அது நீர்த்துப்போன வலிமை மிகு அமிலம். நம் இரைப்பையில் சுரப்பதும் வலிமை மிகு அமிலமான ஹைட்ரோகுளோரிக்தான். ஆனால் செறிவு குறைவு, இரைப்பையின் உட்சுவருக்கும் சளிப்படலம் என்ற காவல் இருக்கிறது.

முழு சார்ஜில் இருக்கும் கார் பேட்டரியில் வலிமையும் செறிவும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதன் திரவத்தின் ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.28 அளவில் இருக்கும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மோல். (மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை அலகு, மூலக்கூறுகளை எண்ணுவதற்கு.) எலுமிச்சைச் சாற்றில் விடுபட்ட புரோட்டான் லிட்டருக்கு 0.005 மோல் அளவில்தான் இருக்கும். ஆக, பேட்டரித் திரவத்தில் இருப்பது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

சட்டை ஓட்டையாவதில் இன்னொரு சங்கதியும் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்டால் உடனே அலசிவிடுவோம், அமிலமும் மென்மையானது. வினிகர் பட்டால் அதன் அமிலம் தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிவிடும். கந்தக அமிலம் அப்படி ஆவியாகாது. பேட்டரி மாற்றும்போது தெறித்த சொட்டில் தண்ணீர் மட்டும் காய்ந்து போகும், அமிலம் நூலிலேயே தங்கி மணிக்கு மணி அடர்ந்துகொண்டே வரும். பருத்தி நூல் என்பது செல்லுலோஸ், அதாவது சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியின் கண்ணிகளை அமிலம் ஒவ்வொன்றாக வெட்டும். அன்றைக்குச் சட்டையில் ஒன்றும் தெரியாது. அடுத்த முறை துவைத்துப் பிழியும்போதுதான் பொத்தல் பொத்தலாக வெளியே வரும். பேட்டரி கடையில் வேலை பார்ப்பவர்களின் பருத்தி பேன்ட்டைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, ஆபத்து. வலிமை குறைந்த அமிலம் என்றால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் வலிமை குறைந்த அமிலப் பட்டியலில்தான் வருகிறது. ஆனால் கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் முதலில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே ஊடுருவி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பு வரை பாதிக்கும். அங்கே கொல்வது புரோட்டான் அல்ல, கூட வரும் புளோரைடு.

இனி பி.எச்., அதாவது அமிலத்தன்மையை அளந்து சொல்லும் எண். கோபன்ஹேகனில் பீர் கம்பெனியான கார்ல்ஸ்பெர்க் நடத்திய ஆய்வகத்தில் சோரன்சன் என்பவர் நொதிகளையும் புரதங்களையும் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். சின்னச் சின்ன எண்களைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததால், 1909-இல் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். நம் எண்ணிக்கை முறையில் சொன்னால் அது ரொம்ப எளிது. ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு மோல் ஹைட்ரஜன் அயனி இருந்தால் பி.எச். 1. நூற்றில் ஒரு பங்கு என்றால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3. லட்சத்தில் ஒரு பங்கு 5. கோடியில் ஒரு பங்கு 7. அதாவது பின்னத்தின் கீழே வரும் எண்ணில் எத்தனை சைபர் என்பதே பி.எச். அதனால்தான் எண் ஏற ஏற அமிலம் குறைகிறது. ஒரு படி என்றால் பத்து மடங்கு, இரண்டு படி என்றால் நூறு மடங்கு. பி.எச். 4.5 இருக்கும் தயிருக்கும் 2.5 இருக்கும் வினிகருக்கும் "ரெண்டுதானே வித்தியாசம்" என்று சொல்ல முடியாது. கடல்நீரின் சராசரி பி.எச். தொழிற்புரட்சிக்கு முன்பு 8.2 ஆக இருந்து இப்போது 8.1-க்கு வந்திருக்கிறது. வெறும் 0.1 என்று தோன்றும் இந்த இறக்கம் ஹைட்ரஜன் அயனியில் கால் பங்குக்கும் மேலான ஏற்றம். சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது சிரமமாவது இதனால்தான்.

ஏன் 7? யாரும் உட்கார்ந்து முடிவு செய்த எண் அல்ல அது. சுத்தமான தண்ணீரிலேயே இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறு புரோட்டானைப் பக்கத்து மூலக்கூறிடம் கொடுத்துவிட்டு ஹைட்ராக்சைடாக நிற்கும், வாங்கியது ஹைட்ரோனியமாக மாறும். தண்ணீர் தனக்குத்தானே அமிலமும் காரமும். இப்படிப் பிரிந்து நிற்பது எப்போதும் மிகச் சிலவே: 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 55 கோடி மூலக்கூறுக்கு ஒன்று. ஒரு லிட்டரில் உள்ள மோல் கணக்குக்கு மாற்றினால் கோடியில் ஒரு பங்கு. ஏழு சைபர். அதே அளவு ஹைட்ராக்சைடும் இருப்பதால் இரண்டு பக்கமும் சமம், அதனால் நடுநிலை.

இதில் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது அந்த 25 டிகிரி. தண்ணீரைச் சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் மூலக்கூறுகள் பிரியும். 60 டிகிரியில் சுத்தத் தண்ணீரின் பி.எச். 6.5 அளவுக்கு இறங்கிவிடும். அதற்காக அது அமிலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஹைட்ராக்சைடும் அதே அளவு கூடியிருக்கிறது. நடுநிலைப் புள்ளியே நகர்ந்துவிட்டது. அதேபோல 0 முதல் 14 வரை என்பதும் பாடப்புத்தக வசதிதான். பேட்டரித் திரவம் 0-க்கும் கீழே, மைனஸில் இருக்கும்.

உப்பு என்றால் 7 என்றும் நினைக்க வேண்டாம். சாப்பாட்டு உப்பு நடுநிலை, சரி. சலூனில் முகத்தில் தேய்க்கும் படிகாரமும் வேதியியல்படி உப்புதான், கரைத்தால் அமிலத்தன்மை காட்டும். வாஷிங் சோடாவும் உப்பு, நல்ல காரத்தன்மை காட்டும்.

உங்கள் மகளுக்கு லிட்மஸ் தாள் இல்லாமலே காட்ட ஒரு வழி இருக்கிறது. வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை பட்டால் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சட்டென்று செம்பழுப்பாக மாறும். பலரும் பயந்துபோய் இன்னும் சோப்பைத் தேய்ப்பார்கள். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், காரம் பட்டால் தன் புரோட்டானைக் கொடுத்துவிடும். புரோட்டானை இழந்த குர்குமின் ஒளியை வேறு விதமாக உறிஞ்சும், சிவப்பாகத் தெரியும். கறையை அலசிவிட்டு எலுமிச்சை பிழிந்தால் புரோட்டான் திரும்பக் கிடைக்கும், மறுபடி மஞ்சள். கல்யாண வீட்டில் ஆலம் சுற்ற மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கியதும் சிவக்கிறதே, அதுவும் இதே வினை. சங்குப்பூவைக் கொதிக்க வைத்த நீல நீரில் எலுமிச்சை விட்டால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறுவதையும் காட்டலாம். 1660-களில் ராபர்ட் பாயில் வயலெட் பூச்சாற்றை வைத்து இதையேதான் செய்தார்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை.

நிறம் மாறுவதைவிட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ரப்பர் மரத்தில் வடியும் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு உறை, அந்த உறையில் எதிர் மின்னூட்டம். எல்லாத் துகளிலும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் மிதக்கின்றன. பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். அமிலத்தின் புரோட்டான் அந்த எதிர் மின்னூட்டத்தைச் சரிக்கட்டிவிடும். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் தட்டில் வெள்ளைக் கட்டி. அதை ரோலரில் விட்டுத் தண்ணீரைப் பிழிந்தால் ஷீட். மாறாக, பால் உறையாமல் நாள்பட இருக்க வேண்டும் என்றால் அம்மோனியா கலப்பார்கள். அது காரம், கிருமிகளையும் அடக்கும், மின்னூட்டத்தையும் காப்பாற்றும். கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பதும் இதே தந்திரம்தான். பாலின் கேசின் புரதம் பி.எச். 4.6 அருகில் மின்னூட்டம் இழந்து திரளும்.

ஆல்கலைன் வாட்டர் மெஷினுக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போதும். பி.எச். 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் ஹைட்ராக்சைடு லட்சத்தில் ஒரு பங்கு மோல். இரைப்பைச் சாற்றின் பி.எச். 2 என்று வைத்துக்கொண்டால், லட்சத்தில் ஒரு பங்கு மோல் புரோட்டான் அதில் ஒரே ஒரு மில்லிலிட்டரில் இருக்கிறது. ஆக அந்த ஒரு லிட்டரின் ஹைட்ராக்சைடைத் தீர்த்துக்கட்ட ஒரு மில்லி இரைப்பைச் சாறு போதும். தண்ணீரில் பைகார்பனேட் (சமையல் சோடாவில் இருப்பதும் இதுதான், அமிலத்தை வாங்கிக்கொள்ளும்) கலந்திருந்தால் அதைவிடக் கூடுதல் சாறு தேவைப்படும், அதையும் இரைப்பை சுரந்துவிடும்.

அதையும் தாண்டி, ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்கும். ரத்தத்தில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு ஒரு பங்கு என்றால் பைகார்பனேட் இருபது பங்கு. அமிலம் கூடினால் பைகார்பனேட் அதை வாங்கிக்கொள்ளும், அதில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் மூச்சில் வெளியேற்றும். மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். குடிக்கும் தண்ணீரால் மாற்றக்கூடிய எண் அல்ல அது. அப்படி உண்மையிலேயே மாறினால் ஆள் ஐ.சி.யூ.வில் இருப்பார். "எலுமிச்சை உடம்புக்குள் போனதும் காரமாகிவிடும்" என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட் எரிந்து பைகார்பனேட் ஆகும், சிறுநீரின் பி.எச். ஏறும். ரத்தத்தின் பி.எச். ஏறாது. என் கருத்தைக் கேட்டால், மெஷினுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நல்ல வடிகட்டி வாங்கலாம்.

கடைசிக் கேள்வி, ஆசிட் பட்டால் சோப்புத் தண்ணீர். அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கலாம் என்று படித்ததைத் தோலில் செய்து பார்க்கவே கூடாது. வலிமை மிகு அமிலமும் வலிமை மிகு காரமும் சேரும்போது ஒரு மோலுக்கு 57 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். லிட்டருக்கு 5 மோல் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அதே செறிவில், அதே அளவு காஸ்டிக் சோடா (வலிமை மிகு காரம்) கரைசலையும் கலந்தால், கலவையின் வெப்பம் முன்பு இருந்ததைவிட 30 டிகிரிக்கும் மேல் ஏறும். ஆசிட் காயத்தின் மேல் சூட்டுக் காயமும் சேரும். சோப்பின் காரம் இதற்கு ஒன்றுமே இல்லை, அதில் உதவுவது தண்ணீர்தான். உடுப்பைக் கழற்றிவிட்டு, குழாயடியில் குறைந்தது 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். சமையல் சோடாவைத் தரையில் சிந்திய ஆசிட் மேல் தூவலாம். நுரைத்து அடங்கியதும் துடைத்துவிடலாம்.

ஆசிடை நீர்க்க வைக்கும்போது எப்போதும் தண்ணீரில்தான் ஆசிடை விட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பாத்ரூம் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. வெளிவருவது குளோரின் வாயு, சின்ன பாத்ரூமில் மூச்சைப் பிடித்துவிடும்.

அப்புறம், வீட்டில் எல்லாரும் ஆசிடுக்குத்தான் பயப்படுகிறார்கள், காரத்தைக் கண்டுகொள்வதில்லை. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஓரளவு தானே ஒரு தடுப்பை உண்டாக்கும். காரம் புரதத்தைக் கரைத்து, கொழுப்பைச் சோப்பாக்கி, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பின் பி.எச். 12-க்கு மேல். சுண்ணாம்பு டியூபையோ பாக்கெட்டையோ பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கும்போது அது பீறிட்டுக் கண்ணில் அடித்துக் கருவிழி வெந்துபோவது கண் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விபத்து. அப்படி ஆனால் கண்ணைத் தேய்க்க விடாமல், இமையைத் திறந்து பிடித்து, ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகள் போகும்வரை நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரமாவது அப்படிக் கழுவிவிட்டு, நேராகக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.